பட்டறைத் திண்ணை: டிராக்டருக்குக் கண்ணாடி

போன இதழில் டிரெய்லர் பின்விளக்கைப் பற்றி எழுதும்போது, "விளக்கு பின்னால் வருகிறவருக்கு, கண்ணாடி உங்களுக்கு" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். விளக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இருபது பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். வழக்கம்போல ஊர் மட்டும், பெயர் கிடையாது. முப்பத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு ஆட்களின் பெயரைவிட அவர்கள் வண்டியின் சத்தம்தான் நினைவில் நிற்கும்.

மூன்று சிலிண்டர், 35 எச்.பி. பழைய வண்டி. பைக் கண்ணாடி இரண்டு வாங்கி மட்கார்டில் மாட்டினேன். வண்டி கிளம்பியதும் பின்னால் வரும் ஒரு லாரி நாலு லாரியாகத் தெரிகிறது. ஆடாத கண்ணாடி எந்தக் கம்பெனியில் கிடைக்கும் அண்ணே?
— வாசகர், ஒரத்தநாடு

தம்பி, ஆடாத கண்ணாடி எங்கேயும் விற்பதில்லை. ஆடாத தண்டு உண்டு. அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

காருக்கும் லாரிக்கும் அடியில் சேஸிஸ் இருக்கிறது, எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கிறது. நம் வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் போல்ட் போட்டு இறுக்கிய அந்த உடம்பேதான் சேஸிஸ். நடுவில் ரப்பரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஸ்பிரிங் உங்கள் சீட்டுக்கு அடியில் மட்டும்தான். மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை வெடிக்கும். 1,600 சுற்றில் ஓடினால் நொடிக்கு 40 உதறல். அந்த நாற்பதும் நேராக மட்கார்டுக்கு வந்து, அங்கிருந்து பைக் கண்ணாடியின் விரல் தடிமன் தண்டில் ஏறுகிறது. பைக்குக்குச் செய்த தண்டு அது, பாவம். என்ன செய்யும்?

முதலில் என்ன நோய் என்று பாருங்கள். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கை ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றிக்கொண்டே கண்ணாடியைப் பாருங்கள். எல்லா வேகத்திலும் ஆடினால் எங்கேயோ லூஸ். கண்ணாடிச் சில்லைக் கட்டை விரலால் அழுத்துங்கள், கூட்டுக்குள்ளேயே 'கட கட' என்று ஆடும். அப்படியானால் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. கூடு கெட்டியாக இருந்தால் கிளாம்பைப் பாருங்கள். சில வண்டியில் மற்ற வேகங்களில் அமைதியாக இருந்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் சாமி வந்த மாதிரி ஆடும். எஞ்சின் உதறலும் தண்டின் ஆட்டமும் அந்த வேகத்தில் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். அதற்கு எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. தண்டைக் குட்டையாக்குங்கள். முடியாவிட்டால் நடுவில் ஒரு முட்டுக் கம்பி கொடுத்து முக்கோணமாக்குங்கள். நான் செய்து கொடுக்கிற வண்டிகளில் முக்கால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்தான் தண்டு. அதற்கு ஒரு சாய்வுக் கம்பி முட்டு.

மட்கார்டு வெறும் தகடு, தவில் தோல் மாதிரி அதிரும். அதில் ஓட்டை போட்டு ஒற்றை நட்டில் மாட்டினால் ஆறு மாசத்தில் ஓட்டையைச் சுற்றித் தகடு கிழியும். உள்பக்கம் ஐந்து எம்.எம். தகட்டில் ஆறு இஞ்ச் சதுரம் வெட்டிவைத்து நாலு போல்ட் போடுங்கள், உதறலில் கழன்றுவிடாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டாகப் போடுங்கள். கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் ஒரு சுற்று போதும். ரப்பர் நல்லது என்று நாலு சுற்று சுற்றினால் கண்ணாடி நாய் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும்.

வண்டியில் ரோல் பார் இருந்தால் அதில் கிளாம்ப் மட்டும் போடுங்கள். ஓட்டை போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள். வண்டி கவிழும்போது உங்கள் தலையைக் காக்கிற கம்பி அது. ஓட்டையும் வெல்டிங் சூடும் அதன் பலத்தைத் தின்றுவிடும்.

இந்த ஆட்டம் இன்று நேற்று வந்ததும் இல்லை. 1911-இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம் முதன்முதலில் நடந்தது. மற்ற கார்களில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துச் சொல்வார். ரே ஹாரூன் என்பவர் மட்டும் தனி ஆளாக வந்தார். மெக்கானிக்குக்குப் பதிலாகக் காரில் ஒரு கண்ணாடியை மாட்டியிருந்தார், ஜெயித்தும் விட்டார். பந்தயக் காரில் பின்பார்வைக் கண்ணாடி என்றால் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் செங்கல் பாவிய அந்த ஓடுதளத்தில் கண்ணாடி உதறிய உதறலில் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, ஒரத்தநாட்டுத் தம்பிக்கு நல்ல கூட்டாளிதான்.

எங்கள் வண்டி ஆலைக்குக் கரும்பு அடிக்கிறது. கண்ணாடியில் கரும்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தண்டு எத்தனை அடி நீளம் வைக்க வேண்டும்?
— வாசகர், கள்ளக்குறிச்சி

அளவை நான் இங்கிருந்து சொன்னால் தப்பாகப் போகும். உங்கள் வண்டியே சொல்லட்டும், ஒரு கயிறு போதும்.

சமதரையில் வண்டியையும் டிரெய்லரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துங்கள், பாரம் ஏற்றியபடியே. பாரத்தின் வலப்பக்கம் எங்கே அதிகமாகப் பிதுங்கி நிற்கிறதோ அந்த இடத்தை ஒட்டி, டிரெய்லரின் பின்முனையிலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து முன்னால் டிராக்டர் பானெட் வரைக்கும் நேராக இழுங்கள். கயிறு மட்கார்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளிப் போகிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கண்ணாடியின் உள்விளிம்பு அந்தக் கயிற்றைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். நான் கூடுதலாக நாலு விரல்கடை விடுவேன். உதாரணத்துக்கு, பாரம் எட்டு அடி அகலம், டிராக்டர் ஆறடி என்றால் பக்கத்துக்கு ஓர் அடி வித்தியாசம். அப்படியானால் தண்டு மட்கார்டு விளிம்பிலிருந்து ஏறக்குறைய பதினைந்து இஞ்ச் வெளியே நீள வேண்டும்.

வெறும் டிரெய்லரோடு திரும்பி வரும்போது அந்தப் பதினைந்து இஞ்ச் எதிரே வருகிறவர் தோளைப் பதம் பார்க்கும். அதனால் தண்டை நீட்டி மடக்குகிற மாதிரிச் செய்யுங்கள். ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப்புக்குள் முக்கால் இஞ்ச் பைப் அளவாக நுழையும். ஆனால் ஒரு இஞ்ச் பைப்பை பி கிளாஸாக, அதாவது நடுத்தர கனமாகப் பார்த்து வாங்குங்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று அதைவிடக் கனமான சி கிளாஸ் வாங்கிவந்து, உள்ளே நுழையவில்லை என்று என் பட்டறை வாசலில் நின்றவர்கள் உண்டு. வெளிப் பைப்பில் நட்டை வெல்டிங் வைத்து, இரண்டு இடத்தில் போல்ட்டால் இறுக்குங்கள். ஒற்றை போல்ட் என்றால் பைப் உள்ளே ஆடும், கண்ணாடியும் கூடவே ஆடும். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்ற மறக்காதீர்கள்.

நீட்டிய பிறகும் தெரியவில்லை என்றால் ஏற்றியது அதிகம், அவ்வளவுதான். தோகை தொங்கினால் வெட்டிவிடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழியை உருவிவிடுங்கள். தை, மாசியில் எங்கள் பக்கம் வைக்கோல் பாரம் போகும். சாலையையே அடைத்துக்கொண்டு ஒரு வீடு நகர்வது போல இருக்கும். அதற்கு எந்தத் தண்டும் எட்டாது. ரோல் கட்டாகக் கட்டும் மெஷின் வந்த பிறகு கொஞ்சம் தேவலை, கட்டை டிரெய்லருக்குள்ளேயே அடுக்கலாம்.

தென்னந்தோப்புக்குள்தான் எனக்கு வேலை. மாட்டின வாரமே மட்டை தட்டி இரண்டு கண்ணாடியும் போச்சு. தோப்பில் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு?
— வாசகர், பட்டுக்கோட்டை

தோப்புக்குள் வேண்டாம். ஆனால் தோப்புக்கு வண்டி பறந்து வருவதில்லையே, ரோட்டில்தானே வருகிறது. பழைய மினி லாரி, வேன் கண்ணாடிக் கையில் மடக்கும் கீல் இருக்கும். பழைய சாமான் கடையில் அந்தக் கையோடு எடுத்துவிடுங்கள். தோப்பு வாசலில் உள்ளே மடக்கு, ரோட்டுக்கு வந்ததும் விரி. கீல் எங்கே நின்றால் சரியாகத் தெரிகிறதோ அங்கே பெயிண்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம்.

வட்டக் கண்ணாடியா, தட்டைக் கண்ணாடியா? கடைக்காரர் வளைந்ததுதான் நல்லது என்கிறார், ஊருக்கே தெரியும் என்கிறார்.
— வாசகர், சிதம்பரம்

கடைக்காரர் சொன்னது பாதி சரி. எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் பார்த்திருப்பீர்கள், கூடம் முழுக்க அதில் அடங்கிவிடும், நீங்கள் மட்டும் தூரத்தில் குள்ளமாக நிற்பீர்கள். குவிகண்ணாடியும் அப்படித்தான். நிறையக் காட்டும், எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும். சின்னதாகத் தெரிகிற எதையும் நம் கண் தூரத்தில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பட்டறையில் ஒரு நாள் வேலை இல்லாத மத்தியானம் இதைச் சோதித்துப் பார்த்தோம். பையன் டிராக்டர் சீட்டில், நான் பின்னால் பைக்கோடு. நாற்பது அடியில் நிறுத்திவிட்டு, "திரும்பாதே, கண்ணாடியில் பார்த்துச் சொல், எவ்வளவு தூரம்?" என்றேன். "நூறு அடி இருக்கும் மாமா" என்றான். இறங்கி வந்து டேப்பைப் பிடித்து அளந்து பார்த்தபோதும் நம்பவில்லை. என்னையே முறைத்தான், டேப்பை நான் மடித்துப் பிடித்திருக்கிறேனாம்.

நூறு அடி என்று நினைத்து வலப்பக்கம் ஒடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். பைக் 60 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 20. இடைவெளி நொடிக்கு 36 அடி குறைகிறது. நிஜமாகவே நூறு அடி இருந்தாலும் மூன்று நொடிக்குள் பைக் உங்களை எட்டிவிடும். நாற்பது அடி என்றால் ஒரு நொடி சொச்சம். டிரெய்லரோடு ஒரு திருப்பத்தை முடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

என் யோசனை: வலப்பக்கம் லாரிக்குப் போடுகிற நீளத் தட்டைக் கண்ணாடி, அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் சின்ன வட்டக் குவிகண்ணாடி. வட்டத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது, தட்டையில் எவ்வளவு பக்கத்தில் என்று பார்ப்பது. இடப்பக்கத்துக்குக் குவிகண்ணாடி ஒன்றே போதும்.

மாட்டிய பிறகு திருப்பி வைக்கிற விதம்: சீட்டில் உட்கார்ந்து, யாராவது ஒருவரைத் திருப்பச் சொல்லுங்கள். கண்ணாடியின் உள்ஓரத்தில் டிரெய்லரின் பக்கப் பலகை ஒரு விரல் அகலம் தெரிந்தால் போதும், மீதி முழுக்க ரோடு. சில பேர் கண்ணாடியில் பாதிக்குத் தன் டிரெய்லரையே பார்த்துக்கொண்டு போகிறார்கள். அது எங்கே ஓடிவிடப் போகிறது?

எங்கள் வீட்டுக்காரர் களத்தில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பேரப்பிள்ளைகள் மூன்று பேர். இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டுவிட்டேன், இனிப் பயமில்லை என்கிறார். நம்பலாமா ஐயா?
— வாசகி, லால்குடி

நம்பாதீர்கள் அம்மா. நீங்கள் பயப்படுவதுதான் சரி.

பக்கக் கண்ணாடி இரண்டும் டிரெய்லரின் இரண்டு ஓரங்களைத்தான் காட்டும். டிரெய்லருக்கு நேர் பின்னால், அதன் அகலத்துக்குள் என்ன இருந்தாலும் தெரியாது. திரும்பிப் பார்த்தாலும் பின்பலகை மறைக்கும். மூன்று அடி உயரப் பிள்ளை அந்த இடத்தில் உட்கார்ந்து மண் அள்ளிக்கொண்டிருந்தால், ஓட்டுகிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பார்க்க வழியே கிடையாது. வண்டி ஒடிந்து திரும்பும்போது இன்னும் மோசம். ஒரு கண்ணாடியில் டிரெய்லர் மட்டும் தெரியும், இன்னொன்றில் வேலி மட்டும் தெரியும்.

என் வீட்டில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு முழுச் சுற்று நடப்பேன். அப்புறம் வீட்டில் யாராவது பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து, "மூணு பேரும் இங்கே" என்று குரல் கொடுக்க வேண்டும். 'இங்கேதான் இருக்காங்க' என்றால் நான் கிளம்ப மாட்டேன், எண்ணிக்கை வேண்டும். பின்னால் சைகை காட்ட ஆள் நின்றால், டிரெய்லருக்குப் பின்னால் நிற்கவே கூடாது. வலப்பக்கம் தள்ளி, என் கண்ணாடியில் முழு உருவமாகத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்த நொடியே பிரேக். 'வரலாம் வரலாம்' என்று சத்தம் மட்டும் கேட்டால் போதாது. எஞ்சின் சத்தத்தில் 'வரலாம்' என்பதும் 'வராதே' என்பதும் ஒன்றுதான்.

கேமரா வைக்கலாமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் இங்கேயே பதில். வைக்கலாம், டிரெய்லருக்கு நேர் பின்னால் காட்டுவது அது ஒன்றுதான். நம் வண்டியும் 12 வோல்ட் என்பதால் காருக்கு விற்கிற ரிவர்ஸ் கேமராவே ஓடும். பேட்டரியிலிருந்து நேராக எடுக்காமல் சாவிக்குப் பிறகு வருகிற ஒயரில், நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு இணையுங்கள். டிரெய்லரைக் கழற்றும்போது ஒயர் அறுந்துபோகாமல் ஒரு பிளக் வையுங்கள். பெட்டியில் ஐ.பி. 67 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கான எண் அது. அதற்காக லென்ஸ் மேல் சேறு அப்பாமல் இருக்குமா? இருக்காது. தினமும் துடைக்கிறவருக்குத்தான் கேமரா. துடைக்காதவருக்கு அது திரையில் சாணி வறட்டியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ரொட்டவேட்டர் ஓட்டும்போது நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி உயிர் போகிறது. கண்ணாடியிலேயே பார்த்து ஓட்ட முடியுமா?
— வாசகர், மன்னார்குடி

கொஞ்சம் முடியும். டாப் (மேல்கூரை) போட்ட வண்டியாக இருந்தால், உள்பக்கம் தலைக்கு முன்னால் வேனில் வருகிற மாதிரி அகலக் கண்ணாடி ஒன்றைச் சற்றுக் கீழ்நோக்கி மாட்டுங்கள். ரொட்டவேட்டரின் சுழலும் கத்திகளில் கொடி சுற்றியிருக்கிறதா, கல்டிவேட்டர் கொழுவில் வைக்கோல் அடைத்துக்கொண்டு வருகிறதா, பின்பக்கத் தகடு தூக்கிக்கொண்டதா என்று ஒரு பார்வையில் தெரியும். பத்துத் தடவை திரும்புகிற இடத்தில் நாலு தடவை திரும்பினால் போதும். ஆனால் வரப்பு ஓரம், மோட்டார் கொட்டகை ஓரம் எல்லாம் கண்ணாடியை நம்பி ஓட்டாதீர்கள். திரும்பிப் பார்த்தால் தெரிவதற்கு நேர்மாறாகக் கண்ணாடியில் வலதும் இடதும் மாறித் தெரியும், அவசரத்தில் ஸ்டியரிங்கை மாற்றித் திருப்பிவிடுவீர்கள்.

தொழி உழவில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டப் போடும் இரும்புச் சக்கரம்) போட்டால் எந்தக் கண்ணாடியும் அரை மணி நேரத்தில் சேற்றுத் தட்டு. வயலில் இறங்கும்போது மேலே ஒரு பழைய சாக்குப் பையைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஏறும்போது கழற்றுங்கள்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். கொடி சுற்றியிருப்பது கண்ணாடியில் தெரிந்தால் பி.டி.ஓ.வை (எஞ்சின் சுழற்சியைப் பின்னால் இருக்கும் கருவிக்குக் கொடுக்கும் தண்டை) நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சுற்றுவது முழுக்க நின்ற பிறகு இறங்குங்கள். அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. வேட்டி நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது.

கண்ணாடி இல்லை என்று போலீஸ் பிடித்தால் அபராதம் எவ்வளவு?
— வாசகர், தாராபுரம்

சட்டத்தின் கண்ணில் விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் இல்லை, ஆனால் மோட்டார் வாகனம்தான். ரோட்டில் ஏறிவிட்டால் நிறுத்திக் கேட்கலாம். தொகையை உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அபராதத்துக்குப் பயந்து மாட்டிய கண்ணாடியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செக் போஸ்ட் தாண்டியதும் அது டூல் பாக்ஸுக்குள் போய்விடும்.

பாட்டுக்கு ஸ்பீக்கர் மாட்டிய கம்பியிலேயே கண்ணாடியை மாட்டலாமா?
— வாசகர், விருத்தாசலம்

மாட்டலாம், பாட்டுக்குத் தகுந்தபடி லாரி ஆடும்.

விளையாட்டில்லை. ஏற்கெனவே எஞ்சின் சத்தத்தில் ஹாரன் காதில் விழுவதில்லை, ஸ்பீக்கரும் சேர்ந்தால் சுத்தம். காது போன இடத்தில் கண்ணாவது வேண்டும். ஸ்பீக்கர் கம்பி பெரும்பாலும் தோளுக்குப் பின்னால் இருக்கும். கண்ணாடி உங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் பயன். ரோட்டைப் பார்த்தபடியே, கண்ணை மட்டும் ஓட்டினால் தெரிய வேண்டும். தோளுக்குப் பக்கத்தில் மாட்டினால் அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவு திருப்புகிறவர் நேராகப் பின்னாலேயே பார்த்துவிடலாமே. மட்கார்டின் முன்விளிம்பு, இல்லாவிட்டால் டாப்பின் முன்கால், இரண்டில் ஒன்றில் மாட்டுங்கள்.

கையில் இருக்கிற காசுக்கு ஒரு கண்ணாடிதான் வாங்க முடியும். எந்தப் பக்கம் போடுவது?
— வாசகர், நீடாமங்கலம்

வலப்பக்கம்.

ஏன் யோசிக்காமல் சொல்கிறேன் என்றால், இது எனக்கு நடந்தது. பன்னிரண்டு வருஷம் இருக்கும். செங்கல் ஏற்றிய டிரெய்லரோடு வந்துகொண்டிருந்தேன், மெயின் ரோட்டிலிருந்து வலப்பக்கம் வாய்க்கால் கரையில் இறங்க வேண்டும். கரை குறுகல் என்பதால் முதலில் வண்டியை இடப்பக்கம் கொஞ்சம் ஒதுக்கி, அப்புறம் வலப்பக்கம் வளைத்தேன். டிரெய்லர் ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான். பின்னால் பைக்கில் வந்த பையன், நான் ஒதுங்கியதைப் பார்த்து வழி விடுகிறேன் என்று நினைத்திருக்கிறான். வலப்பக்கம் ஏறி வந்தான். நான் வளைக்க ஆரம்பித்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். டிராக்டர் திரும்பிவிட்டதால் அதில் என் டிரெய்லரின் செங்கல் மட்டும்தான் தெரிந்தது. முன்சக்கரத்தில் மோதினான். பிழைத்துவிட்டான், கால் மட்டும் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆறு மாசம் படுக்கை. கண்ணாடி மாட்டித்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் தலை வாருவதற்காக மேல்நோக்கித் திருப்பியிருந்தது, பாதி வானம் தெரிந்தது. சீப்பு அதன் தண்டிலேயே சொருகியிருந்தது.

இப்போது நான் வலப்பக்கம் திரும்புவதாக இருந்தால், இடப்பக்கம் ஒதுங்குகிற வேலையே கிடையாது. ஐம்பது அறுபது அடி முன்னாலேயே இண்டிகேட்டர், கண்ணாடியில் ஒரு பார்வை. வேகத்தைக் குறைத்து இன்னொரு பார்வை. ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் கண்ணாடியில் மூன்றாவது முறை, கூடவே தோளுக்கு மேலே திரும்பி ஒரு தடவை. வளைக்க ஆரம்பித்த பிறகு கண்ணாடி செங்கலைத்தான் காட்டும்.

நீடாமங்கலத்துக்காரர் பட்டறைப் பக்கம் வந்தால், தண்டுக்கு வேண்டிய பைப் என்னிடம் துண்டாகக் கிடக்கிறது, கண்ணாடி மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், கரண்ட் இருக்காது.